கைச் சுண்ணாம்பு

எங்கள் ஊர்த் தண்ணீர் ரொம்ப நல்ல தண்ணீர். அதுதான் அதற்குக் குறை. மேற்கே மலையில் பிறந்து பாறையைத் தவிர வேறு எதையும் தொடாமல் இறங்கி வருவதால், அதில் பருப்பு ரெண்டு கொதியில் மலர்ந்துவிடும், தலைக்கு ஊற்றினால் முடி பட்டு மாதிரி விழும், சோப்பு போட்டால் மட்டும் வழுவழுப்பு போகவே போகாது. கிழக்கே கரிசல் காட்டில், குடத்துக்குள் உப்புப் பொருக்கு கட்டுகிற ஊரிலிருந்து வாக்கப்பட்டு வந்த நான், உடம்பு இன்னும் வழுக்குகிறதே, இன்னும் வழுக்குகிறதே என்று ஊற்றி ஊற்றித் தொட்டியைக் காலி செய்து, வந்த வாரமே மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மனுஷருக்கு நல்லதான அந்தத் தண்ணீர் மீனுக்குப் போதாது. ரைஸ் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தகரக் கொட்டகையில் எங்கள் மகளிர் குழு செடித்தொட்டி செய்கிறது. கண்ணாடித் தொட்டிக்குள் மண் பரப்பி, கல் அடுக்கி, மரவேர் சாய்த்து, தண்ணீருக்கு அடியிலேயே வளர்கிற செடிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக நட்டு, அது காடு மாதிரி தழைத்ததும் உள்ளே சின்ன மீன்களை விட்டு, டவுன் கடைகளுக்கும் ஓட்டல்களுக்கும் அனுப்புகிறோம். செடி தழைக்க சிலிண்டரிலிருந்து குமிழ் விட வேண்டும், சோடா பாட்டிலில் இருக்கிற அதே வாயு. அந்த வாயு தண்ணீரைப் புளிக்க வைக்கும். மற்ற ஊர்த் தண்ணீரில் அந்தப் புளிப்பை வாங்கி விழுங்கிக்கொள்ள ஒரு பொருள் கரைந்து கிடக்கும். எங்கள் தண்ணீரில் அது கிடையாது. பயிற்சி கொடுக்க வந்த சார் அதற்கு கார்பனேட் கடினத்தன்மை என்று பெயர் சொல்லி போர்டில் எழுதிப் போட்டார், நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம், அவர் போன பிறகு எங்கள் குழுவிலிருக்கிற வடிவு சித்தி, தாங்குன்னு ஒரு சொல்லுல சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே என்றாள். அன்றிலிருந்து அதற்கு எங்கள் ஊரில் தாங்கு என்றே பெயர்.

தாங்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் லேசுதான். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் முதலில் நீலமாகும், பிறகு ஒரு சொட்டில் சட்டென்று மஞ்சளாகும். எவ்வளவு சொட்டுக்கு நீலமாகவே நிற்கிறதோ அவ்வளவு தாங்கு. எங்கள் தண்ணீர் நீலம் காட்டுவதற்குள் மஞ்சளாகிவிடும். செல்லமாக வளர்ந்த பிள்ளை மாதிரி, ஒரு சொல் பொறுக்காது.

அதற்காகத் தூத்துக்குடிப் பக்கமிருந்து கிளிஞ்சல் மூட்டை வரவழைத்து, நொறுக்கித் துணிப்பையில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிடுவோம். மூட்டை வரத் தாமதமானால் ஆப்பசோடா. ஒருதரம் எங்கள் குழுத் தலைவி தெய்வக்கனி மதினி ஆப்பமாவுக்குப் போடுகிற கைக்கணக்கில் அள்ளிப் போட்டுவிட, தாங்கு ஒரேயடியாக ஏறி, மீன் வயிற்றைக் காட்டி மிதந்தது, செடி குழம்பாகக் கரைந்தது. கூடினாலும் கெடுதி, குறைந்தாலும் கெடுதி. இதுதான் எங்கள் பாடு.

என் கை வேலை செய்ய ஆரம்பித்தது தெய்வக்கனி மதினி மகளின் கல்யாணத்தன்று. மதினி என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகனின் மனைவி, ஆகையால் கல்யாணத்துக்கு முந்தின நாளிலிருந்து தேங்காய் துருவியது, வாழைக்காய் சீவியது, வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தது எல்லாம் நானும்தான். தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைக்குப் பசிக்கிறதே என்று மகள் தர்ஷிகாவைக் கூட்டிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் தண்ணீர் தெளித்து, உப்பு வைத்து, ஊறுகாய் வைத்து, அப்பளமும் வைத்தார்கள், தர்ஷிகா அப்பளத்தில் ஒரு ஓரத்தை ஒடித்து வாயில் போட்டாள். அப்போதுதான் வடிவு சித்தி எங்கள் பின்னால் வந்து நின்றாள். மதினியின் மாமியாருக்குத் தங்கச்சி, ஊருக்கே சித்தி, விசேஷ வீடுகளில் பந்தி விசாரணை அவளுடையது.

"ஏட்டி உச்சி, எந்திரி. மாப்பிள்ள வீட்டாளுக நிக்காக. நீ நம்ம ஆளுதான, பொறவு சாப்பிட்டுக்கிடலாம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. உரிமையோடு, சிரித்துக்கொண்டு, தோளைத் தட்டித்தான் சொன்னாள். நான் எழுந்தேன், பிள்ளையையும் எழுப்பினேன். எங்கள் குழுப் பெண்கள் அதே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் தங்கள் தங்கள் இலையில் உப்பு சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலையை மாற்றக்கூட இல்லை. சோறு விழாத இலைதானே என்று, பிள்ளை ஒடித்த அப்பளத்தை மட்டும் எடுத்துக் கீழே போட்டுவிட்டு, பட்டு வேட்டி கட்டிய ஒருவரை உட்கார வைத்தார்கள். மண்டப வாசல் வரைக்கும் வந்த பிறகு பார்க்கிறேன், தர்ஷிகா அந்த அப்பளத் துண்டை வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாள், மெல்லவில்லை. கடித்தால் சத்தம் கேட்கும் என்று நினைத்தாளோ என்னவோ.

அடுத்த பந்திக்கு நிற்க எனக்கு முகம் இல்லை. நேரே கொட்டகைக்குப் போனேன். கல்யாண அவசரத்தில் யாரோ வாயுவைக் கூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், கிளிஞ்சல் பையும் கரைந்து சப்பையாகக் கிடந்தது, மீன்கள் மேலே வந்து வாயை வாயைப் பிளந்தன. சிலிண்டரை மூடிவிட்டு, குமிழ்க் குழாயை எடுக்கத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டேன். என் உள்ளங்கையிலிருந்து வெள்ளையாக, அரிசி களைகிற முதல் தண்ணீர் மாதிரி, புகைந்து புகைந்து இறங்கியது. கண்ணாடிப் பாத்திரம் கழுவுகிற பொடி கையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, கையை எடுத்துப் புடவையில் துடைத்துப் பார்த்தேன், துடைக்கத் துடைக்க வந்தது. நுனி நாக்கில் வைத்துப் பார்த்தால் சுடவில்லை, சிலேட்டுக் குச்சி ருசி. பிள்ளை பெற்ற உடம்பில் என்னென்னவோ புதிதாக வரும், முடி கொட்டவில்லையா, பல் ஆடவில்லையா, அதுபோல இதுவும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு எல்லாத் தொட்டியிலும் கையை அலசினேன். மீன்கள் கீழே இறங்கின. குப்பியில் பிடித்துச் சொட்டு விட்டேன், நீலம் நின்றது, அசையாமல் நின்றது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

மறுநாள் எல்லாரும் கொட்டகையில் இருக்கும்போது வடிவு சித்தி, சாப்பிடாமலே போய்ட்டியாமே, உனக்கு வந்த ரோசத்தைப் பாரு என்று சிரித்தாள். என் விரல் நுனிகளிலிருந்து, கையில் பிடித்திருந்த மீன்வலைமேல் வெள்ளைத் தூள் உதிர்ந்தது. யாரும் அலறவில்லை. எப்சிபா என்று ஒரு பிள்ளை, குழுவிலேயே சின்னவள், ஓடிப்போய் ஒரு சட்டியை எடுத்து வந்து என் கைக்குக் கீழே வைத்தாள்.

காரணத்தை ஊர் அன்று சாயந்திரத்துக்குள் கண்டுபிடித்து முடித்துவிட்டது. உப்புத்தண்ணி ஊர்க்காரி, பிறந்ததிலிருந்து குடித்தது உடம்பில் ஊறிக் கிடக்கிறது, வெட்கப்பட்டால் வேர்க்கிறது, வேர்த்தால் வெளியே வருகிறது. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று டீக்கடையில் பேசி, அடுத்த பேச்சுக்குப் போய்விட்டார்கள். குழுவுக்குத்தான் வேலை வந்தது. தெய்வக்கனி மதினி கூட்டம் போட்டு, கிளிஞ்சல் மூட்டைக்கு இனி சொல்ல வேண்டாம் என்று தீர்மானம் போட்டாள். காலையில் காப்பி குடித்த பிறகு என்னை யாராவது ஒருவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், வெறும் வயிற்றில் சொல்லக் கூடாது, தாய்வீட்டை இழுக்கக் கூடாது, பிள்ளையைச் சொல்லவே கூடாது. இவ்வளவும் என் நன்மைக்காக, என்னை உட்கார வைத்தே, உனக்குச் சம்மதந்தானே உச்சி என்று கேட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். நானும் சம்மதித்தேன். மீன் சாகாமல் இருக்கிறதே, அது எனக்கும்தானே பிழைப்பு.

முதல் மாதம் சிரிப்பாகத்தான் போயிற்று. எப்சிபாவின் முறை வந்தால் அவள் ராத்திரியெல்லாம் யோசித்து வந்து, தலையைக் குனிந்துகொண்டு, அக்கா உங்க கோலம் கொஞ்சம் கோணல் என்பாள். அதற்கு ஒரு சிட்டிகை கூட விழாது. அக்கா நீங்க பாடுனா நல்லாருக்காது என்பாள். நான் பாடுவதே இல்லை. வடிவு சித்தி முறை வந்தால் மட்டும் சட்டி நிரம்பும். அவள் பெரிதாக ஒன்றும் சொல்ல மாட்டாள், அன்னைக்கி சாம்பார் அருமை, உனக்குக் கொடுத்து வைக்கல என்பாள், அவ்வளவுதான்.

அந்தச் சுண்ணாம்பில் செடிகள் தழைத்த தழைப்பை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கிளிஞ்சல் போட்ட காலத்தில் இலையில் வெள்ளைப் பொருக்கு படியும், ஆப்பசோடாவில் நுனி கருகும். இதில் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று முத்து முத்தாகக் காற்றுக் குமிழ் பூத்து நின்றன. பயிற்சி சார் மறுபடி வந்து பார்த்து, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டு, மதினி என் கையைக் காட்ட, சற்று நேரம் யோசித்து, போர்டில் உள்ளூர்த் தாதுப்பொடி என்று எழுதிவிட்டுக் காப்பி குடித்துப் போனார். பக்கத்து ஊர்க் குழுவினர் என்னை ஒரு வாரத்துக்கு அனுப்ப முடியுமா என்று ஆட்டோ பிடித்து வந்து கேட்டார்கள். எங்க உச்சி எங்க ஊருக்குத்தான், அவளை மாதிரி ஒருத்தி எந்த ஊர்ல இருக்கா என்று மதினி சொன்னாள். அதைக் கேட்டு என் மனசு குளிர்ந்துபோயிற்று. அன்றைக்கு முழுக்க ஒரு துளி விழவில்லை.

அதிலிருந்து என்னை யாரும் பாராட்டக் கூடாது என்றும் ஒரு தீர்மானம் சேர்ந்தது. மகளிர் தினத்துக்கு எல்லாருக்கும் எவர்சில்வர் தூக்கு கொடுத்தபோது எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. மதினி தனியாகக் கூப்பிட்டு, தப்பா நினைச்சுக்கிடாத, தொட்டிக்காகத்தான் என்றாள். தெரியும் மதினி என்றேன். சட்டியை நானே எடுத்து வந்து கைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

சொல் பழகினால் தோல் தடித்துவிடும். கோலம், சமையல், நடை, நிறம் எல்லாம் சொல்லிச் சொல்லி ஓய்ந்த பிறகு, போட்ட வேலிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. வெறும் வயிற்றில் சொன்னார்கள். என் தாய்வீட்டிலிருந்து பொங்கலுக்குச் சீர் வராததைச் சொன்னார்கள். சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கியா என்று கேட்டு, அவ திங்கத்தானே செய்யுதா, அதான் இவ்வளவு கொட்டுது என்று அவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் சொரிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கள் தொட்டிகளை டவுனுக்குக் கொண்டு இறக்குகிறவர். ஆரம்பத்தில் என் பொண்டாட்டிய எவளும் ஒண்ணு சொல்லக் கூடாது என்று குதித்தார். பிறகு தொட்டி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் ஆட்டோவுக்கும் ஓட்டம் இருக்கிறது என்று அடங்கினார். பிள்ளை ஆசைக்கு வீட்டிலும் ஒரு சின்னத் தொட்டி வைத்திருந்தோம். ஒருநாள் அவருடைய கூட்டாளிகள் சாப்பிட வந்திருந்தபோது, ரசத்தை வாயில் வைத்துவிட்டு, இவளுக்கு இன்னும் ரசம் வைக்கத் தெரியல என்று சொல்லி, சொன்ன கையோடு என் முகத்தைப் பார்க்காமல் என் விரல்களைப் பார்த்தார். வீட்டுத் தொட்டியில் அன்று மீன் மேலே வந்து நின்றது எனக்கும் தெரியும். எழுந்து போய்க் கையை அலசிவிட்டு வந்து அவர்களுக்கு மோர் ஊற்றினேன்.

கடைசியில் எனக்கு யாருமே தேவைப்படவில்லை. தொட்டி முன்னால் நின்று கண்ணை மூடி, தண்ணீர் தெளித்த அந்த இலையை, தோளைத் தட்டிய கையை, கீழே விழுந்த அப்பளத்தை, பட்டு வேட்டியை வரிசையாக நினைத்துக்கொள்வேன். கறவைமாட்டுக்குக் கன்றைக் கண்டதும் பால் இறங்குகிற மாதிரி கை இறங்கிக் கொடுக்கும். அவமானத்தை நானே எடுத்து நானே உடுத்திக்கொள்ளப் பழகிவிட்டேன், அதில் எனக்கு ஒரு கைத்தேர்ச்சியும் வந்துவிட்டது, அந்தத் தேர்ச்சியை நினைத்தால் அதற்கும் கொஞ்சம் உதிரும்.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் புதிதாகக் கட்டுகிற ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு மாடிக்கு மாடி செடித்தொட்டி கேட்டு ஆள் வந்தார்கள். குழு தொடங்கியதிலிருந்து அவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. கொட்டகை கொள்ளாமல் ரைஸ் மில் களத்திலும் தொட்டி வைத்தோம். என் பழைய இலை நினைப்பு அவ்வளவு தண்ணீருக்குப் போதவில்லை. சொட்டு மருந்து விட்ட உடனே மஞ்சளாயிற்று. கிளிஞ்சல் சொல்லலாமா என்று எப்சிபா ஒரு பேச்சு எடுத்தாள். இனி எங்கே சொல்லி எங்கே வந்து சேர என்று அதை அமர்த்திவிட்டு, மதினி சாயந்திரம் வீட்டுக்கு வந்தாள், கையில் எனக்கு மல்லிகைப்பூவும் பிள்ளைக்கு முறுக்கும். மகளுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறோம், நீ கட்டாயம் வர வேண்டும், முதல் பந்தியில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு தடவ எழுப்பிக்கிடுதோம் உச்சி. சித்திட்ட சொல்லிருக்கேன். பொறவு உனக்குத் தனியா இலை போட்டு, நானே பரிமாறுதேன்."

நான் சரி மதினி என்றேன். பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டேன். இதில் என்ன இருக்கிறது, தெரிந்தே எழும்பப் போகிறோம், நாடகத்தில் அடி வாங்குகிற மாதிரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இட்லிக்கு அரைக்கப் போனேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள், உங்க பிள்ளை சத்துணவுக்கு உட்கார மாட்டேங்குது, தட்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நிற்கிறது, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருகிறது, சிலேட்டெல்லாம் ஒரே வெள்ளை. சிலேட்டுக் குச்சியைத் தின்னுதோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் வாளியில் துணியை முக்கிக்கொண்டிருக்க, அவள் கொய்யா இலைகளைப் பறித்துத் தரையில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொரு இலை முன்னாலும் ஒரு பொம்மையை உட்கார வைத்தாள். ஒரு இலை முன்னால் தானே உட்கார்ந்தாள். பிறகு குரலை மாற்றி, எந்திரிட்டி, மாப்பிள்ள வீட்டாளுக நிக்காக என்று சொல்லிவிட்டு, தானே எழுந்து, பாவாடையைத் தட்டிக்கொண்டு, சுவரோரமாகப் போய் நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. விளையாட்டில் தன் பங்கை ஒழுங்காகச் செய்த திருப்திதான் இருந்தது. நின்ற இடத்தில் அவள் காலடியில் மாவு மாதிரி கொஞ்சம் உதிர்ந்து கிடந்தது.

கையைக் காட்டச் சொன்னேன். காட்டினாள். என் கைதான், சின்னதாக.

அப்போது எனக்கு வந்த வெட்கத்துக்கு, அந்த ஜவுளிக்கடைத் தொட்டியெல்லாம் நிரம்பியிருக்கும். ஆனால் அன்று என் கையிலிருந்து ஒன்றும் விழவில்லை. எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டது, கல்லாக.

மறுநாள் பிள்ளைக்கு மஞ்சள் பாவாடை கட்டி, நானும் மதினி மகள் கல்யாணத்துக்குக் கட்டின அதே புடவையைக் கட்டிக்கொண்டு போய், மதினி வீட்டுப் பந்தலில் முதல் பந்தியில் உட்கார்ந்தேன். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு என்று வளைகாப்புக்குரிய சோறெல்லாம் அண்டா அண்டாவாக நின்றது. எங்கள் குழு முழுக்க எதிர்வரிசையில். ஒருத்தி பாக்கி இல்லாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இலைக்குக் கீழே ஒரு சட்டிகூடத் தயாராக வைத்திருந்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள், உப்பு வைத்தார்கள், அப்பளம் வைத்தார்கள். வடிவு சித்தி வந்து தோளைத் தட்டினாள்.

"ஏட்டி உச்சி, எந்திரி. சம்பந்தி வீட்டாளுக நிக்காக."

நான் எழுவதற்குள், எழுவேனா மாட்டேனா என்று எனக்கே தெரிவதற்குள், பக்கத்தில் தர்ஷிகா எழுந்துவிட்டாள். பழகிய பிள்ளை, அவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். எழும்புகிற வாக்கில் இலையில் கையை ஊன்றினாள். நான் அவள் இடுப்பைப் பிடித்து மறுபடி உட்கார வைத்தேன்.

"எந்திரிக்கணும்லாம்மா" என்றாள், எனக்கு மறந்துபோயிற்றோ என்று.

"எந்திரிக்க வேண்டாம். நீ சாப்பிடு."

சித்தி குனிந்து என் காதில், சும்மா பேச்சுக்குத்தானட்டி, தொட்டிக்கு வேணும்லா என்றாள். அவள் குரல் கெஞ்சியது. நான் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல நினைத்தது, எல்லாருக்கும் கேட்டுவிட்டது.

"தொட்டிக்குக் கிளிஞ்சல் வாங்குங்க சித்தி. எம்பிள்ள இன்னும் சாப்பிடல."

சித்தி பதில் சொல்ல வாயெடுத்தவள் இலையைப் பார்த்தாள். ஈரம் மினுங்குகிற பச்சை இலையில், பிள்ளை கை ஊன்றிய இடத்தில், அஞ்சு விரலும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி ஒரு சின்ன வெள்ளைக் கை பதிந்திருந்தது. சித்தி என்ன நினைத்தாளோ, சட்டென்று உட்கார்ந்து, யாரும் பார்ப்பதற்குள் அழித்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில், தன் உள்ளங்கையால் அதைத் துடைத்தாள். அது போகவில்லை. துடைக்கத் துடைக்க இலையெல்லாம் வெள்ளையாயிற்று. பிள்ளையின் கையிலிருந்து விழுந்தது எப்போதோ அழிந்துவிட்டது. இப்போது விழுவது சித்தியுடையது என்று முதலில் எனக்குத் தெரிந்தது, பிறகு எதிர்வரிசைக்குத் தெரிந்தது, எல்லாருக்கும் பிறகு சித்திக்குத் தெரிந்தது. தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பந்தி விசாரித்தே காய்த்துப்போன கை. எதிரே தலை குனிந்திருந்த மதினியின் புது வளையல்களுக்குள்ளிருந்தும் தூள் இறங்கியது, எப்சிபா இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள், முந்தானை வெளுத்தது. பரிமாறிக்கொண்டு நின்ற சொரிமுத்து கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, பந்தலுக்கு வெளியே போய்த் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தொட்டிகள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பந்தி முடிந்ததும் எல்லாரும் கொட்டகைக்குப் போய், ஆளுக்கொரு தொட்டியில் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு நின்றார்கள், குப்பியில் நீலம் நின்றது, ஜவுளிக்கடைத் தொட்டிகள் குறை இல்லாமல் போய்ச் சேர்ந்தன. மதினி தூத்துக்குடிக்குப் போன் போட்டாள். கேட்ட மறுநாளே கிளிஞ்சல் மூட்டை வந்து இறங்கியது. இவ்வளவு சீக்கிரம் வரும் என்பது எங்கள் எல்லாருக்கும் எப்போதுமே தெரியும் என்பதுதான் அதில் பெரிய வெட்கம். அந்த மூட்டையைப் பிரித்த அன்று கடைசியாக எல்லார் கையிலிருந்தும் ஒருதரம் விழுந்தது, அப்புறம் நின்றுவிட்டது. தர்ஷிகாவின் சிலேட்டில் இப்போது எழுத்து மட்டும்தான் வெள்ளை. வடிவு சித்திக்கு மட்டும் இன்னும் விழுகிறது. அவள் அதைத் தொட்டிக்குத் தருவதில்லை, நாங்களும் கேட்பதில்லை, விடியற்காலையில் கொல்லைப் பக்கம் போய் உதறிவிட்டு வருகிறாள்.

அதெல்லாம் பிறகு. அன்று பந்தியில், யாரும் யாரையும் பார்க்காமல் இருந்த அந்த நேரத்தில், சித்தி தான் வெள்ளையாக்கிய இலையை எடுத்துச் சுருட்டிவிட்டு, புது இலை போட்டுத் தண்ணீர் தெளித்து, பிள்ளைக்கு முழு அப்பளம் ஒன்று வைத்தாள். தர்ஷிகா என்னைப் பார்த்தாள். தின்னு என்றேன். அவள் அதை ஒடிக்கக்கூட இல்லை, அப்படியே வாயில் வைத்துக் கடித்தாள். பந்தல் முழுக்க அமைதியாக இருந்ததால் அந்த நொறுங்கல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது, சம்பந்தி வீட்டார் திரும்பிப் பார்த்தார்கள், பிள்ளை அதைக் கண்டுகொள்ளாமல் இன்னும் சத்தமாகக் கடித்தாள், பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று எனக்கு முகம் சிவந்து, என் இலையில் ஒரு சிட்டிகை வெள்ளை விழுந்தது. அதை யாருக்கும் கொடுக்கவில்லை. தயிர்ச்சோற்றோடு பிசைந்து நானே சாப்பிட்டேன்.